எல்லாக் கலியாணத்துக்கும் ஒரே மாப்பிள்ளை

கொடிகாமம் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவன் பக்கத்துச் சிநேகிதனிடம் சொன்னான்: "போன கிழமை எல்லாக் கலியாணத்துக்கும் நான்தான் மாப்பிள்ளை."

"என்னடா கதைக்கிறாய்?"

"கலியாண மண்டபத்துக்கு வெப்சைட் செய்து குடுத்தனான் எல்லே. புக் பண்ணினால் பொம்பிளை வீட்டுக்கு ஈமெயில் போகும். மாப்பிள்ளையின்ரை பேர் தானா விழவேண்டிய இடத்திலை, சரிவருதோ எண்டு பாக்க என்ரை பேரைப் போட்டனான். பிறகு மாத்த மறந்திட்டன்."

"அப்ப எல்லாருக்கும் உன்ரை பேரோ?"

"ஓம். மாப்பிள்ளை சுதன் எண்டு."

"ஏசினவையோ?"

"பொம்பிளையளின்ரை தேப்பன்மார் எல்லாரும் மண்டபத்திலை என்ரை நம்பரை வாங்கிப் போன் எடுத்துக் கிழிச்சவை."

இறங்குவதற்காகச் சுதன் பையைத் தோளில் போட்டான்.

"அம்மா எனக்குப் பொம்பிளை தேடிக் களைச்சுப்போனா. உவ்வளவு பேர் போன் எடுத்தும் ஒருத்தராவது என்ரை சாதகத்தைக் கேக்கேல்லை, மச்சான்."