வெனிங் வீட்டு வெங்காயத்தை யார் உரிப்பது?

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஊர்த்தலைவரின் துணைவியார் அவர்களே, பாயில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, இடுப்பில் பிள்ளையும் நாக்கில் வம்பும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, தேநீர் தீர்ந்ததும் நழுவக் காத்திருக்கும் ஆண்மக்களே! உங்கள் எல்லோர்மீதும் அமைதி உண்டாகட்டும். எனக்கு இன்று அமைதி இல்லை.

நம் ஜாவா ஊர்களில் கல்யாணம் என்றால் பெண்கள் கூடிச் சமைப்போம். அந்த ரெவாங்குக்கு வராதவள் வீட்டுக்கு நாமும் போகமாட்டோம். வருகிற ஞாயிறு வெனிங் மகளுக்குக் கல்யாணம். ஒருத்தியும் போவதில்லை என்று காய்கறி வண்டியைச் சுற்றி நின்று தீர்ப்பு எழுதிவிட்டீர்களாமே! இரண்டு வருஷமாக அவள் எந்த வீட்டுக்கும் வரவில்லையாம்!

ஏன் வரவில்லை? இரண்டு வருஷத்துக்கு முன் பார்மி மகன் கல்யாணம். நோன்புப் பெருநாள் கழிந்த பதினோராம் நாள், புதன்கிழமை. வெனிங் வந்தாள். விரல்கள் வீங்கி, கத்தி பிடிக்க முடியாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். லாஸ்மி, நீ என்ன சொன்னாய்? "மகாராணிக்கு மருதாணி இன்னும் காயலையோ?" கூடமே சிரித்தது.

அதன்பின் சோறு வெறுத்தாள், தூக்கம் தொலைத்தாள், பெற்ற மகளிடமும் பேச்சை நிறுத்தினாள். கடவுள் கொடுத்ததற்கு நன்றி இல்லாதவள் என்றீர்கள். பேயோட்ட ஆள் கூட்டி வந்தீர்கள். நான் மட்டும் யோக்கியமா? காற்றுப் பிடித்திருக்கிறதென்று எண்ணெய் தடவி, அந்தக் காற்று இறங்கக் காசின் விளிம்பால் அவள் முதுகைச் சிவக்கச் சிவக்கச் சுரண்டியவள் நான். வலிக்கிறதா என்று கேட்டேன். "எதுவுமே தெரியல பெரியம்மா, அதான் பயமா இருக்கு" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லையே!

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் பெண்தான் சொன்னாள். கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல்படை, ஆள் தெரியாமல் சொந்த மூட்டுகளையே அடிக்கிறதாம். அந்த அழற்சி மூட்டோடு நிற்காதாம். ரத்தத்தில் ஏறி மூளைவரை சேதி போகுமாம், ஆசையை அணைக்குமாம். எல்லா மனச்சோர்வும் இதனால் வருவதில்லை, இவளுக்கு இதுவும் சேர்ந்திருக்கிறது என்றாள். மூட்டுக்கும் மருந்து, மனசுக்கும் மருந்து. மருந்து தொடங்கிய நான்காம் மாதம் வெனிங் தானாக வாய் திறந்து, சோற்றுக்கு மிளகாய் அரைத்துத் தரச்சொன்னாள்.

கண்ணுக்குத் தெரிந்த வீக்கத்துக்கே சிரித்தவர்கள் நாம்! கண்ணுக்குத் தெரியாத வேதனைக்கா கரைந்திருப்போம்?

யாரது பின்னால்? பார்மியா? நாளைக்கு நம்ம வீட்டுக்கு அவ வந்து உரிப்பாளான்னா கேக்குற? உரிக்கமாட்டா! நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், நாம் உரிப்போம். காய்ச்சல்காரி என்றால் அவள் கையில் கத்தியைத் திணிப்பாயா நீ?

ஞாயிறு விடியலில் அவள் வீட்டு அடுப்பை நான் மூட்டுவேன். வருகிறவர்கள் கை தூக்குங்கள். தலைவியம்மா? சரி. பார்மி? சரி. லாஸ்மி... எனக்கு அவசரமில்லை, நிற்கிறேன்.

ம். கையை இறக்காதே. எல்லோரும் பார்க்கட்டும்.

கேட்ட செவிகளுக்கும் தூக்கிய கைகளுக்கும் நன்றி. வணக்கம்.