நாடா இல்லாத நிலம்

ஈரமான நாடாவை அப்படியே சுருட்டி வைக்கக் கூடாது, ஐயா, பூஞ்சை பிடித்துவிடும். கண்ணிவெடி அகற்றும் பிரிவில் என் வேலை அதுதான்: நிலத்தைச் சோதித்து, வெடியில்லாத பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டுவது. அவற்றுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். என் வேலையில் எவரும் குறை கண்டதில்லை.

நீங்கள் கேட்கும் சிப்பாயைக் குருவி என்றுதான் அழைப்போம், ஓயாத வாய். குண்டுமழையின்போது பாலத்தடிக் குழாய்க்குள் ஒடுங்கி நான் அழுததை அவன் பார்த்துவிட்டான். அதன்பின் சாப்பாட்டுக் கூடாரத்தில் அதுவே கூத்து.

"அண்ணனுக்கு ஒரு குழாய் கொண்டாங்கப்பா, வானம் இருட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூத்தவன் கோபித்துக்கொண்டால் நன்றாகவா இருக்கும்?

பிறகொரு காலையில் எங்கள் சமையற்காரர் காலில் குண்டடிபட்டு, வெடி புதைத்த நிலத்துக்கு அப்பால் கிடந்தார். நான் தனியே முன்சென்று வழி பார்த்தேன். வெடியில்லாத பாதை ஒரு புற்றருகே இடப்பக்கம் வளைந்தது. நாடாவை நேராகக் கட்டினேன்.

அடிபட்டவரைத் தூக்கிவரும் முறை அன்று குருவியுடையது. "அண்ணே, வழி சரிதான?" என்றான்.

"கண்ண மூடிட்டுப் போடா."

கேலி பேசாமல் அவன் என் சொல்லைக் கேட்டது அன்றுதான்.

வெடிச்சத்தம் அடங்கி, புகை கலைவதற்குள் நாடாவைச் சுருட்டிவிட்டேன். பின்னர் புற்றருகே வளைந்து போய்ச் சமையற்காரரைத் தோளில் சுமந்து வந்தேன்.

அதிகாரியிடம், "வழி பாத்துட்டே இருந்தேன், சார். நில்லுடான்னேன், கேக்கல, பாஞ்சுட்டான்" என்றேன். நாடாவை நம்பி நடந்து செத்தால் அது விபத்து. நாடா இல்லாத நிலத்தில் நடந்து செத்தால் வீரம். அந்த வேறுபாட்டை அவனுக்கு நான் அளித்தேன். பதக்கம் அறிவித்தார்கள், அவன் தெருவுக்கே அவன் பெயரை வைத்தார்கள்.

சமையற்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அன்று நாடாவைப் பார்த்ததாகக் குருவியின் அக்காவிடம் சொல்லிவிட்டார். அவள் என் வீட்டுக்கு வந்து, உட்காராமலே பேசினாள்.

"என் தம்பி பல்லியப் பாத்தாலே கட்டில் மேல ஏறிடுவான். அவனா தெரிஞ்சே கண்ணிவெடியில கால வைப்பான்?"

"செத்தவனக் கோழைங்கிறியாம்மா?"

"கோழையாவே உயிரோட இருந்திருக்கட்டும். நீங்க இல்லையா?"

பதக்கத்தை மேசைமீது வீசினாள். "இது உங்க வேலைதான. நீங்களே மாட்டிக்கங்க." அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். நன்றி கெட்ட பெண்.

மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அவனைக் கொன்றது நான்தான், வேண்டுமென்றேதான். ஆயினும் அவள் கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு கண்ணாடிமுன் நின்று பார்த்தேன். அந்த நிலத்தைக் கடந்து ஒருவரை உயிரோடு மீட்டவன் நான்தானே, ஐயா? உங்கள் ஆட்கள் வந்து அதைக் கழற்றச் சொன்னபோதுதான், இந்த விவகாரத்தில் முதன்முறையாக, எனக்கு மனம் வலித்தது.