ஞாயிற்றுக்கிழமை எடுக்க வேண்டியதில்லை

எனக்கு செல்போனில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான் தெரியும். பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் நிறுத்தலாம். நடுவில் இருக்கிற மற்றதெல்லாம் எதற்கென்று இன்றுவரை கேட்டதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதனால் நான் சொல்கிறேன், ஐயா, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன். உங்களை மட்டும் நம்பவில்லை என்று நினைக்க வேண்டாம். நான் யாரையும் நம்பினதில்லை. பெண்டாட்டி சொர்ணாம்பாள் கொடுக்கிற காப்பியையே முகர்ந்துவிட்டுக் குடிக்கிறவன்.

நீங்கள் கேட்பது ஒரே கேள்வி. சேரன் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் என்னை ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறான். ஐந்து தடவை நான் எடுக்கவில்லை. ஆறாவது தடவை எடுத்திருக்கிறேன். நாற்பத்தோரு விநாடி பேசியதாக போன் கம்பெனிக்காரன் கொடுத்த தாளில் இருக்கிறது. அந்த நாற்பத்தோரு விநாடியில் என்ன பேசினேன்? சொல்கிறேன். ஆனால் அந்தப் போன் என் கைக்கு வந்த கதையைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பழமலைநாதன் முதலாளியிடம் நான் முப்பத்திரண்டு வருசமாகச் சூளைக்காரன். ஊறுகாய் ஜாடி, பியூஸ் கட்டை, கொலுப் பொம்மை, எது வந்தாலும் வேகவைத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் சூளை எண்ணெயில் எரிவது. மேலே தொட்டியிலிருந்து எண்ணெய் குழாய் வழியாக இறங்கும், கரண்டு மோட்டார் காற்றடிக்கும், தீ பிடித்துக்கொள்ளும். தீயின் நிறத்தைப் பார்த்து நான் சூடு சொல்வேன். சூடு பார்க்க மீட்டர் வைத்தார்கள். மீட்டர் ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால், மீட்டரைத்தான் கழற்றி ரிப்பேருக்கு அனுப்புவார்கள். அந்தக் கொழுப்பு எனக்கு உண்டு.

எனக்குப் புருவம் இல்லாததைப் பார்த்து வெளியே ஏட்டையா சிரித்தார். சிரிக்கட்டும். நல்லமுத்து என்பது ரேஷன் கார்டில்தான், பேட்டையில் எனக்கு முட்டைத் தாத்தா என்றுதான் பேர். புருவம் போன கதை பின்னால் வரும்.

ரெண்டாயிரத்து ஆறில் முதலாளி எனக்கு இந்தப் போனைக் கொடுத்தார். கூடவே ஒரு நோட்டீஸையும் ஒட்டினார். கம்பெனி போன் வைத்திருப்பவர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் அதை அணைக்கக் கூடாது, மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அரை நாள் ஆப்சென்ட். பாஞ்சாலை எனக்குப் படித்துக் காட்டினாள். ஜாடிகளைப் பளபளப்புக் கரைசலில் முக்கி எடுக்கிறவள். வாய் அவளுக்குக் கொஞ்சம் நீளம்.

"ஏன் பெரியப்பா, கழுத்துல மணி கட்டிவுட்டுட்டாங்களா?" என்றாள்.

போன் ஒட்டுக்கேட்கும் என்று நான் நம்பினேன். முதல் ஒரு மாதம் வீட்டில் அதைத் துண்டில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். மணி அடித்தால் பானை பேசுவது மாதிரி இருக்கும். சொர்ணாம்பாள் ஒரு நாள் பயந்துபோய் விபூதி போட்டாள்.

அப்புறம் பழகிவிட்டது. நான் வீட்டுக்கு வந்தபின் சூளையைப் பார்த்துக்கொள்வது சேரன். ஐ.டி.ஐ. படித்தவன், முப்பத்தைந்து வயசு, ரெண்டு பிள்ளை. கண்காணிப்புத் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நிறம் சொல்வான். நான் சோற்றில் கையை வைத்துக்கொண்டு எண்ணெயை ஏற்று, இறக்கு என்பேன். சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரம், கெட்டிமேளத்தை மீறி நான் கத்தினேன். வேப்பூரில் என் மைத்துனன் செத்தபோது அதைவிடக் கேவலம். சுடுகாட்டில் அப்போதுதான் கொள்ளி வைத்திருந்தார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "நல்லா எரியுதா? மஞ்சளா வருதா? பத்தாதுப்பா, இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றேன். மைத்துனனின் மகன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

போகிற இடமெல்லாம் திட்டினேன். ஆறு மணிக்கு மேல் நான் மனிதனா மாடா என்று டீக்கடையில் கேட்டேன், பஸ்ஸில் கேட்டேன், கொளஞ்சியப்பர் கோயில் வரிசையில் முன்னால் நின்ற யாரோ ஒரு அம்மாளிடம் கேட்டேன். ஆயுத பூசை அன்று பொரி வாங்கும்போது எல்லார் முன்னாலும் முதலாளியிடமே கேட்டேன். அவர் நல்ல மனுசர், அதுதான் வினை. மறு வாரம் பழைய நோட்டீஸைக் கிழித்துவிட்டுப் புதுசு ஒட்டினார். வேலை நேரம் முடிந்தபின் கம்பெனி போனில் யாரையும் அழைக்கக் கூடாது. அழைத்தாலும், ஆறு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் எடுக்க வேண்டியதில்லை. இனிமேல் சூளையைச் சேரன் தன் பொறுப்பில் பார்த்துக்கொள்வான்.

"செயிச்சிட்டீங்க பெரியப்பா, போயி காலை நீட்டிப் படுங்க" என்றாள் பாஞ்சாலை.

படுத்தேன். ஒரு வாரம் போன் அடிக்கவில்லை. கெட்டுப்போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தது. கடைக்குப் போய் ஒரு ரூபாய் போனிலிருந்து ஒரு தடவை அடித்துப் பார் என்று சொர்ணாம்பாளை அனுப்பினேன். அடித்தது. எடுத்தேன்.

"என்னாங்க, கேக்குதா?"

"கேக்குது. சூளை எப்படி எரியுது?" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவள் வீடு வந்து சேரும்வரை சிரித்தாள்.

அடுத்த வாரமும் அனுப்பினேன். அதற்கடுத்த வாரம் அவள் சிரிக்கவில்லை.

சேரன் நான் இல்லாமல் மூன்று சூளை வேகவைத்தான். மூன்றாவது சூளை பிரித்த அன்று சாயங்காலம் ஒரு ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். "பாருங்க பெரியப்பா, ஒரு கீறல் இல்ல. மொத ஆளா உங்க கையிலதான் குடுக்கணும்னு எடுத்தாந்தேன்" என்றான். நான் விரலால் சுண்டிப் பார்த்தேன். வெண்கலம் மாதிரி சத்தம் வந்தது. அவன் போனபின் அதை வெயிலில் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மூன்று நாள் கீறல் தேடினேன். இல்லை. நாலாம் நாள் சொர்ணாம்பாள் அதில் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுவிட்டாள்.

இப்போது வால்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்கத் தெரியாது.

எண்ணெய்க் குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. கரண்டு போனால் காற்று நின்றுவிடும், தீ அணைந்துவிடும். உடனே வால்வை மூட வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த விசயம். தெரியாத விசயம் என்னவென்றால், எங்கள் வால்வு மூடினாலும் சூளைக்குள் சொட்டும். ஆறு வருசமாகச் சொட்டுகிறது. சூளை சிவந்திருந்தால் சொட்டுகிற எண்ணெய் அப்போதைக்கப்போது எரிந்துபோகும், ஆபத்தில்லை. காலையில் பற்றவைத்த அரைச்சூட்டுச் சூளை என்றால் ஆவியாகி உள்ளேயே நிற்கும். அந்த நேரத்தில் நெருப்பைக் காட்டினால் வாசல் வழியாக வெளியே வரும்.

இது தெரிந்தவன் நான் ஒருவன். ஆறு வருசத்துக்கு முன்னால் கரண்டு போய் ஐந்து நிமிசத்தில் வந்தது. நான் பற்றவைத்தேன். புருவம் போனது அன்றைக்குத்தான். கொசு மருந்து அடிக்கப் போய் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாளே வால்வை மாற்றியிருப்பார். மாற்றிவிட்டால் அப்புறம் நான் எதற்கு?

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். சேரன் போனில் கூப்பிடுவான், "கரண்டு வந்துடுச்சி, பத்தவெக்கட்டா?" என்பான். "பொகபோக்கிப் பலகையத் தூக்கு. மோட்டாரப் போடு. இரு, நான் சொல்றேன்" என்பேன். போனை வைக்காமலே ஒரு வெற்றிலை மடித்துப் போட்டு, மென்று, துப்பிவிட்டு, அப்புறம்தான் "வெய்யி" என்பேன். அதற்குள் ஆவி வெளியேறிவிடும். ஏன் என்று அவனுக்குச் சொன்னதே இல்லை. கிழவனுக்குத் திமிர், வெற்றிலை மெல்ல நம்மைக் காக்கவைக்கிறான் என்றுதான் நினைத்திருப்பான். பாஞ்சாலையிடம் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறான். தப்பில்லை, பாதி அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பற்றவைத்திருந்தார்கள். மத்தியானம் நான் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஃபேன் நின்றது. எங்கள் தெருவுக்கும் பேட்டைக்கும் ஒரே லைன். ஃபேன் நின்றால் சூளையும் அணைந்திருக்கும். ரெண்டு நிமிசத்தில் போன் அடித்தது.

மூணே வாரம்தான், அந்தச் சத்தத்துக்கு நான் எப்படி ஏங்கிப்போயிருந்தேன் என்பதை உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எடுக்கவில்லை. எடுக்க வேண்டியதில்லை என்று நோட்டீஸில் இருக்கிறதே. இன்னொரு தடவை அடிக்கட்டும் என்று பார்த்தேன். அடித்தான். இன்னொரு தடவை. சொர்ணாம்பாள், "பாவம், எடுங்களேன், நெருப்புல வேல செய்யிற புள்ள" என்றாள். "சட்டம் இருக்குது, நீ கொழம்ப ஊத்து" என்றேன். ஐந்து தடவை ஆயிற்று. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கெஞ்சுவதுபோல் இருந்தது. நல்ல கறி வேறு.

நாற்பது நிமிசம் கழித்து ஃபேன் சுற்றியது. ஆறாவது தடவை அடித்தது. எடுத்தேன்.

"பெரியப்பா, ஞாயித்துக்கெழம தொந்தரவு பண்றேன், கோவிச்சிக்காதீங்க. கரண்டு இப்பத்தான் வந்துது. வால்வ அப்பவே மூடிட்டேன். பத்தவெக்கட்டா?"

"என்னை ஏன்டா கேக்குற? ஜாடியத்தான் கீறலில்லாம வேகவெச்சியே."

சிரித்தான். "அதெல்லாம் நீங்க போன்ல சொன்னத வெச்சிப் பண்ணதுதான். ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க வாயால கேட்டாத்தான் எனக்குத் தைரியம்."

"வெய்யி" என்றேன்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். இலையில் இன்னும் கொஞ்சம் சோறு இருந்தது. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சத்தம் கேட்டது.

முதலில் உங்களிடம் "இரு என்றுதான் சொன்னேன், அவன் கேட்கவில்லை" என்று சொன்னேன். அது பொய். எழுதியதை அடித்துவிடுங்கள்.

நான் அவனைக் கொல்ல நினைக்கவில்லை. ஒரு புருவம் போகும், முதலாளி பயந்து நோட்டீஸைக் கிழிப்பார், மறுபடி போன் அடிக்கும். அவ்வளவுதான் நினைத்தேன். நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை. ஐந்து நிமிசம் சொட்டியதற்கு எனக்குப் புருவம் போனது. அவனுக்கு நாற்பது நிமிசம் சொட்டியிருந்தது. மூன்றாம் வகுப்புவரை படித்தவனுக்கு அந்தக் கணக்கு வரும். வந்தது. போனை எடுக்கும்போதே வந்தது.

நேற்று பாஞ்சாலை வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். ஐந்து தடவை எடுக்காததற்குத்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "சட்டத்தப் பாத்தது உங்க தப்பில்ல பெரியப்பா" என்றாள். நான் தலையை ஆட்டினேன். முதலாளி அந்த நோட்டீஸைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டாராம். மிச்சமிருக்கிற சின்னச் சூளையில் இனிமேல் எந்த நேரமானாலும் நல்லமுத்துவைப் போனில் கேட்காமல் யாரும் தீ வைக்கக் கூடாது என்று புதுசு ஒட்டியிருக்கிறாராம். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, நல்ல மனுசர்.

அவ்வளவுதான், ஐயா. படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விசயம். உங்கள் மேசைமேல் சாட்சிக்கு வைத்திருக்கிற அந்தப் போனில் ரெண்டு நாளாக ஒரு கோடுதான் இருக்கிறது. அந்தச் சனியனை நான் எப்போது தலைமுழுகுவேன் என்றுதான் காத்திருந்தேன். இருந்தாலும் கொஞ்சம் சார்ஜ் போட்டு வையுங்கள். இன்றைக்குச் சின்னச் சூளை பற்றவைக்கிற நாள்.