தனியாக இறங்கும்போது

வாசலில் நிற்கிற கறுப்பு வண்டி உங்களுடையதா? சைடு ஸ்டாண்ட் போட்டும் நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஒரு காற்றடித்தால் மறுபக்கம் விழுந்துவிடும். ஸ்டாண்ட் பழசு என்பீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஸ்டாண்டில் கோளாறு இல்லை. யாரோ வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்தியிருக்கிறார்கள். கால் அதே நீளம், உடம்பு மட்டும் கீழே இறங்கிவிட்டது. திருப்பத்தில் வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பார்த்து ஓட்டுங்கள்.

சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே.

அப்பா விட்டுப்போன பட்டறையை நானும் தம்பியும் நடத்தினோம். ஊரில் அதற்குத் 'தம்பி பட்டறை' என்று பெயர். யாருக்குத் தம்பி என்று ஒருவரும் கேட்டதில்லை. அவன் முன்னால் நின்று பேசுவான், வண்டியை ஓட்டிப் பார்ப்பான். நான் பின்னால் ஷாக் அப்சார்பர், முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் வேலை பார்ப்பேன். வண்டியின் உயரம் என் கையில் இருந்தது. வண்டியின் குணமே அதில்தான் இருக்கிறது. பின்பக்கம் உயர்ந்தால் முன்சக்கரம் வண்டிக்கு அடியில் ஒதுங்கும். நினைத்தவுடன் திரும்பும், ஆனால் வேகத்தில் நிதானம் இருக்காது. முன்கோபக்காரன் மாதிரி. பின்பக்கம் தாழ்ந்தால் நேர்கோட்டில் சாதுவாகப் போகும், திரும்பச் சொன்னால் மாட்டேன் என்று மல்லுக்கு நிற்கும். நூலளவு போதும்.

இதைத் தம்பியிடம் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

"நூலளவுல என்னக்கா வந்துடப்போகுது? நீ என்ன தங்கமா நிறுக்கிற?" என்பான். ஆள் கூடியிருக்கும்போதுதான் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள்.

தபால்காரர் கதையைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். குள்ளமான மனிதர். கால் தரையில் எட்டவில்லை, வண்டியை இறக்கிக் கொடு என்று வந்தார். தம்பி பின்பக்கத்தை மட்டும் இறக்கினான்.

"முன்பக்கத்தையும் இறக்குடா. இல்லன்னா வண்டி திரும்பாது," என்றேன்.

"அவருக்குக் கால் எட்டிடுச்சு. உனக்கு என்ன?"

அதே வாரம் அவர் ஒரு திருப்பத்தில் வெளியே போய் விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். கட்டோடு வந்தவரிடம் தம்பி, "திரும்பறப்ப பயந்தீங்களா சார்?" என்று கேட்டான். அந்த மனிதர், "ஆமா தம்பி, என் தப்புதான்," என்றார். என்னால் அன்று சாப்பிட முடியவில்லை.

அவர் வண்டியை நான்தான் சரிசெய்தேன். கிளாம்ப்பைத் தளர்த்தி, ஃபோர்க் குழாய்களை மேலே தள்ளி, முன்பக்கத்தையும் இறக்கினேன். மறுபடி அவர் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கை பட்டதும் பூ மாதிரி திரும்புது," என்றார். தம்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்," என்றான்.

ஒரு வார்த்தை. அக்கா சொன்னது சரி என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் இன்று நீங்களும் நானும் ஸ்டேஷனில் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவனுக்குப் புரியவைக்க அவன் வண்டியைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதில் விலை உயர்ந்த ஷாக் ஒன்று மாட்டி வைத்திருந்தான், வருகிறவர்களிடம் காட்டுவதற்கு. அதன் அடியில் ஸ்பேனர் போட்டுத் திருகுகிற மறை ஒன்று உண்டு. சுற்றினால் ஷாக் நீளும், பின்பக்கம் உயரும். மாட்டின நாளிலிருந்து அவன் அதைத் தொட்டதே இல்லை. நான் தொட்டேன். ஒரேயடியாக இல்லை. தலைமுடி வளர்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக.

முதலில் அவனுக்கு அது பிடித்துவிட்டது. "இப்பல்லாம் நினைச்சவுடனே திரும்புதுக்கா. ஓட்டி ஓட்டிக் கை பழகிடுச்சு," என்றான்.

அதையும் தன் கைக்கே வரவு வைத்துக்கொண்டான். நான் என்ன செய்ய? இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். ஃபோர்க் குழாய்களையும் தள்ளி முன்பக்கத்தை இறக்கினேன்.

என்னைக் கண்மூடித்தனமானவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் மனைவி மலைமேல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் காலையில் அவளை ஏற்றிக்கொண்டு போய் விடுவான். எனக்கு அவள்மேல் ஒரு குறையும் இல்லை. தங்கமான பெண். பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்கும். அவள் எடைக்குச் சரியாக அமுங்கி, நான் ஏற்றியது சமமாகிவிடும். அப்படித்தான் வைத்தேன். அவள் இருக்கும்வரை அது அருமையான வண்டி. அவளை இறக்கிவிட்டு அவன் தனியாகத் திரும்பும்போதுதான் பின்பக்கம் எழுந்து நிற்கும். அதுவும் இறக்கம். பிரேக்கைத் தொட்டால் முன்பக்கம் இன்னும் குனியும். அவளுக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். அதை யாராவது அவளிடம் சொன்னால் நன்றாக இருக்கும்.

அவள்தான் கண்டுபிடித்தாள், பாருங்கள். "அண்ணி, வண்டி ஏன் இப்படிச் சாஞ்சு நிக்குது? தூங்கி விழற மாதிரி?" என்று கேட்டாள். உயர்ந்த வண்டிக்கு ஸ்டாண்ட் குட்டையாகிவிடும் இல்லையா?

"ஸ்டாண்ட் பழசும்மா," என்றேன்.

கடைசி நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள். காலையில் பட்டறை திறந்ததும் நடந்தது. அவள் உள்ளே வீட்டில் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, ஒரு நிமிஷம் வாயேன். தனியா இறங்கும்போது ஹேண்டில் உதறுது. நேத்து கையைவிட்டே போயிடுச்சு."

"டயரா இருக்கும்."

"டயர் பாத்துட்டேன். பேரிங் பாத்துட்டேன். நீ எப்பவும் சொல்லுவியே, உயரம் உயரம்னு. அதுதான்னு தோணுது. நீ சொன்னது சரிதான்க்கா. எனக்குத்தான் மண்டையில ஏறல."

நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"கொஞ்சம் பாத்து வச்சுடு. நான் கைய வச்சா கெடுத்துடுவேன்," என்று சிரித்துவிட்டு ஹெல்மெட் எடுக்கப் போனான்.

நான் ஸ்பேனரோடு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறையைப் பிடித்தேன். இறக்கவில்லை. இன்னும் ஒரு சுற்று ஏற்றினேன்.

"சரி பண்ணிட்டேன். இப்ப எப்பவும்போல ஓட்டலாம். பயப்படாம போ," என்றேன்.

"அக்கா கை பட்டாச்சு, இனிமே என்ன?" என்றான். அவள் ஏறிக்கொண்டாள். போனார்கள். அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, இரண்டாவது திருப்பத்துக்கு முன்னால், பாலத்துச் சுவருக்குக் கீழே கிடந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவள்தான் டியூட்டியில் இருந்தாளாம். உயிர் இல்லை என்று அவள்தான் முதலில் பார்த்திருக்கிறாள்.

நான்தான் செய்தேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவன்தான் ஒத்துக்கொண்டானே, பிறகு ஏன் ஏற்றினாய் என்று கேட்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் நீங்களும் அவனை மாதிரியே பேசுகிறீர்கள். பட்டறையில் அப்போது ஒருவரும் இல்லை. தபால்காரர் இல்லை, சிரித்தவர்களில் ஒருவர்கூட இல்லை. அவன் இன்னும் சற்று நேரம் பொறுத்திருந்தால் நாலு பேர் வந்திருப்பார்கள்.

நீங்களே சொல்லுங்கள், யாரும் இல்லாதபோது சொன்னால் அது சொன்னதாகுமா?