அய்யாத்துரை ஏப்ரன் கட்டியிருந்தார்

என் பெயர் சரோஜா, வயது 47, கணவர் பெயர் பாண்டுரங்கன், பென்னலூரில் குடியிருக்கிறேன். ஒரகடம் அருகே மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். அங்கு புளியங்கொட்டைப் பசைத்தூளில் ஆசிட் சேர்த்து அதன் தன்மையை மாற்றுகிறோம். மாத்திரை ஒரேயடியாகக் கரையாமல் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு அந்தத் தூளைச் சேர்ப்பார்கள். தூள் சலிப்பது என் வேலை. ஆசிட் ஏற்றுவது அய்யாத்துரையின் வேலை. அவர் சாத்தான்குளம் பக்கத்துக்காரர், வயது 31, மனைவியுடன் படப்பையில் வாடகைக்கு இருந்தார்.

கடந்த மார்ச் 11ஆம் தேதி காலை ஷிப்டில் சுமார் பத்தரை மணிக்கு ஆசிட் குழாயின் கிளாம்ப் கழன்று, ஆசிட் கீழிருந்து பீய்ச்சியடித்து, ஏப்ரனுக்கு உட்பக்கமாக அவருடைய இரண்டு தொடையிலும் பட்டது. அதன் பிறகு ஆசிட் பட்டால் கழுவுவதற்கென்று வைத்திருக்கும் ஷவருக்கு நான் அவரை இழுத்துச் சென்றேன், அதில் தண்ணீர் வரவில்லை. அதன் பிறகு ஏப்ரன் முடிச்சை நான்தான் அவிழ்த்து, வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அப்போது என் வலது கை விரல்கள் வெந்த தழும்பை இப்போது காட்டுகிறேன்.

அதன் பிறகு சூப்பர்வைசர் எழிலரசன் வந்து களிம்பு போட்டு அவரை ஓய்வறையில் உட்கார வைத்தார். ஆம்புலன்ஸ் கேட்டேன். "உள்ளங்கை அகலம்தான்க்கா செவந்துகீது, இதுக்குப் போயி ஆம்புலன்ஸா?" என்றார். அய்யாத்துரையும், "லேசாத்தான் எரியுதுக்கா, பயப்படாதிய" என்று சொல்லி டீ வாங்கிக் குடித்தார். பன்னிரண்டு மணிக்கு வாந்தி எடுத்தார். என்னைப் பார்த்து யார் என்று கேட்டார். அதன் பிறகே கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றோம், மாலை நாலரை மணிக்கு இறந்துவிட்டார். அந்த ஆசிட் தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்து ஆளைக் கொல்லும் என்று டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் எழிலரசன் ஒரு தாளைக் கொடுத்தார். அய்யாத்துரை ஏப்ரன் கட்டாமல் வேலை செய்ததாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட அவர் நீட்டிய பேனாவை நான் வாங்கவில்லை. "இன்னாக்கா யோசிச்சிகினு கீற? உன் பொண்ணும் இங்கதான வேல செய்யுது" என்றார். என் மகள் சுபஸ்ரீ அதே கம்பெனி லேபில் இருக்கிறாள். கையெழுத்துப் போட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி முத்துச்செல்வி என் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. "அவுக ஏப்ரன் கட்டியிருந்தாகளா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்கக்கா" என்றார். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் போய்விட்டார்.

அதன் பிறகு சுபஸ்ரீயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "கோர்ட்டுல போய்ச் சொல்லிட்டு வாம்மா, வேல போனா போவுது" என்றாள். நான் இங்கே வந்து சொல்லப் போவது தெரிந்து, நேற்று முதல் எங்கள் இருவரையும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அய்யாத்துரை ஏப்ரன் கட்டியிருந்தார். நான் முன்பு கையெழுத்திட்ட தாள் பொய். முத்துச்செல்வியிடம் நேரில் போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை. இதன் நகல் ஒன்றை அவருக்குக் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பு நானாகச் சொன்னது இவ்வளவுதான். வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) பா. சரோஜா