நூற்றுப் பதின்மூன்றாவது தியோடலைட்

சிலந்திகளுக்கு ஈ பிடித்துப் போடுவதுதான் என் காலை வேலை. கோணம் அளக்கும் தியோடலைட்டின் கண்ணாடிக்குள் தெரிகிற குறுக்குக் கோடு வேறொன்றுமில்லை, சிலந்தி இழைதான். இந்த ஃப்ரைபெர்க் ஊரில் அதை என்னைப் போல நேராக ஒட்ட ஆள் கிடையாது. ஆனால் முப்பது வருடங்களில் பட்டறையை விட்டுப் போன நூற்றுப் பன்னிரண்டு கருவிகளிலும் முதலாளி ட்ராவ்கோட் ஹெம்பெலின் பெயர்தான் பொறித்திருக்கும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

நூற்றுப் பதின்மூன்றாவதைச் சோதித்தபோது, அதன் பாகை வட்டம் அச்சிலிருந்து மயிரிழை விலகியிருந்தது. சொன்னேன். முதலாளி பட்டறைக்கே கேட்கும்படி சிரித்தார்.

“வட்டம் சரியாத்தான் இருக்கு பென்னோ. உன் கண்ணுதான் கோணல். சிலந்தியவே பாத்துப் பாத்து உனக்கும் எட்டுக் கண்ணு முளைச்சிருச்சு போல.”

எல்லோரும் சிரித்தார்கள். அரை மணி நேர வேலை, நானே சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை.

அதனால் கெடுதலும் இல்லை, ஐயா. வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் அளவைப் படித்துச் சராசரி எடுத்தால் அந்தப் பிழை தானே கழிந்துவிடும். படிப்பவர் ஒழுங்காகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்க வந்தவர் சுரங்கத்தில் அளவெடுக்கும் எர்ட்மான். தண்ணீர் நிறைந்து கிடந்த பழைய குழியை ஒட்டி, பத்தடிப் பாறையை மட்டும் விட்டுவிட்டுப் புது வழி வெட்டப்போகிறார்கள் என்றார்.

“உள்ள ஆள் திரும்பவே இடமில்லப்பா. வயித்தால ஊர்ந்துதான் போறோம். அந்தப் பக்கம் சுத்திப் போய்ப் படிக்க முடியாது. ஒரு பக்கம் படிச்சா போதுமா? நல்லாப் பாத்துச் சொல்லு, என் மாப்பிள்ளையும் அங்கதான் வெட்டுறான்.”

பதில் சொல்லி அனுப்பினேன். நல்ல மனிதர், கைகுலுக்கிவிட்டுப் போனார். மாலையில், அவர் சொன்ன அளவுகளை வைத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பிழை கூடிக்கொண்டே போய், நவம்பரில் வழி தண்ணீரைத் தொடும் என்று வந்தது. பதினோரு வாரம் இருந்தது. சுரங்கத்துக்கு நடந்து போனால் ஒரு மணி நேரம். நான் தினமும் ஈ பிடித்தேன்.

நவம்பரில் தொட்டது. பத்தொன்பது பேர். எர்ட்மானின் மாப்பிள்ளையின் உடலை நான்காம் நாள்தான் வெளியே எடுத்தார்கள். விசாரிக்க வந்த நீங்கள் கருவியைப் பிரித்தீர்கள், விலகல் தெரிந்தது, முதலாளி பட்டறையைப் பூட்டிவிட்டார். அவர் பெயர் பொறித்த எதையும் இனி எவரும் தொடப்போவதில்லை. எனக்கும் வேறு வேலை தெரியாது.

அன்று எர்ட்மானுக்கு என்ன பதில் சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள். போதும் என்றேன். தெரிந்தேதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு மேலே, முதல் வரியாக, இதைப் போடுங்கள் ஐயா: என் கண் கோணல் இல்லை.