நம்பும்படி இல்லை

அது மழ இல்ல தாயி, ஏலக்காய் தேய்க்கிற சத்தம். வெளிய நின்னு கேட்டா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், தகரத்துல சடசடன்னு கொட்டுற மாதிரி. உள்ள வாங்க. வெயில்லருந்து வந்ததுக்குக் கொஞ்ச நேரம் கண்ணு தெரியாது. வலது கைப் பக்கம் சாக்குக் கட்டு கெடக்கு, அதுல உக்காருங்க. இந்த ஃபேன நிறுத்திர்றேன், இல்லேன்னா நீங்க பேசுறது எனக்குக் கேக்காது.

ஆமா, தவசி நாந்தான். என்ன அப்படிப் பாக்குறீக? ஜட்ஜுன்னதும் சட்டைய உள்ள விட்டு கண்ணாடி போட்ட ஆளா இருக்கும்னு நெனச்சீகளாக்கும். கண்ணாடி இருக்கு, அந்தா ஆணியில தொங்குது. சட்டதான் இல்ல. இந்த அனல்ல சட்டையோட நின்னா நானும் காயோட காயா காஞ்சு போவேன்.

ஞானசிகாமணி அண்ணாச்சி காலையிலேயே போன் பண்ணிட்டாக. ஜோதிலட்சுமின்னு ஒரு அம்மா வருது, ஏலக்காய் எடுக்கப் போற அம்மா, இன்னைக்குத் தோட்ட ஜீப்ப விட்டுட்டு ஒங்களப் பாக்கத்தான் வருது, பொறுமையாப் பேசுங்க தவசின்னாக. அண்ணாச்சி தேனி பஜார்ல நோட்டுப் புத்தகக் கட வச்சிருக்கவுக. அவுகதான் வாசகர் வட்டம் நடத்துறது, அவுகதான் இந்தப் போட்டி வச்சது. பதினெட்டு வயசுக்குள்ள இருக்க பிள்ளைக எழுதுற நாவல். மாய ஒலகம், இல்லேன்னா வரப்போற ஒலகம், ரெண்டுல ஒண்ணு. நோட்டுல பேரு எழுதக் கூடாது, நம்பர்தான். அதுனால எனக்கு ஒங்க மக திரிஷா இல்ல தாயி. பதினேழாம் நம்பர்.

ம். அந்தப் பதினேழாம் நம்பர்ல செவப்பு மையில காப்பின்னு எழுதுனது நாந்தான். மறைக்கல.

பிள்ள சாப்புடலையா? எத்தன நாளா? ... பேச்சும் இல்லையா. சரி. ... என்னது, பன்னெண்டாப்ப விடுறாளா? திங்கக்கெழமலருந்து ஒங்க கூட ஜீப்புல ஏறுறேங்கிறாளா? எழுத்தும் வேணாம் படிப்பும் வேணாம்னு அவளே சொல்றாளா, இல்ல கோவத்துல... ஓ. அவளுக்கு மூச்சு எளப்பு வேற இருக்கா. அத வச்சுக்கிட்டு எப்படி மல ஏறுவா.

ஒரு நா மலையில மழையில நனஞ்சதுலருந்து, ஆறு வருசமாவா.

இல்ல, ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

தெரியும், நாளன்னைக்கு ஞாயித்துக்கெழம கடைசிச் சுத்து. நான் எழுதுன வார்த்தைய நானே வாபஸ் வாங்கி ஒரு கடுதாசி குடுத்தா, அண்ணாச்சி அந்த நோட்டப் பெரிய ஜட்ஜுககிட்ட வச்சிருவாக. என்கிட்டயும் சொன்னாக. ஆனா காரணத்தோட எழுதணும்னாக. எந்தப் புத்தகத்தப் பாத்துக் காப்பின்னு சொன்னீக, இப்ப ஏன் இல்லேங்கிறீக, ரெண்டும் வேணும்னாக. எந்தப் புத்தகம்னு அன்னைக்கே கேட்டாக. இங்கிலீஷ்ல இருக்குன்னேன். எனக்கு இங்கிலீஷ்ல பஸ் போர்டு வாசிக்கவே நாலு பஸ் போகணும்.

எழுதித் தாரேன் தாயி. வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். அந்தக் காரணத்த எழுதுறதுலதான் கை நிக்குது.

எட்டாப்புல பெயிலானவன் நான். முப்பது வருசமா இதே ராத்திரி வேலதான். பச்சக்காயத் தட்டுல பரப்பி உள்ள ஏத்திட்டா மறுநா காலை வரைக்கும் அரமணிக்கு ஒருக்க வெறகு தள்ளணும், சூட்டப் பாக்கணும். ஏறுனா காய் வெடிக்கும், எறங்குனா பச்ச நெறம் போயி வெளுத்துரும். அந்த அரமணிக்கு நடுவுல என்ன செய்ய? தூங்குனா வேல போச்சு. சில பேரு குடிப்பாக. நான் அண்ணாச்சி கடையில பழைய புத்தகமா அள்ளிட்டு வந்து வாசிப்பேன். பெறகு அதப் பத்திப் போன்ல எழுத ஆரம்பிச்சேன். நல்லாருந்தா நல்லாருக்கும்பேன், இல்லேன்னா தோல உரிச்சிருவேன். மெட்ராஸ்லருந்தெல்லாம் ஆளுக வாசிப்பாக. எழுதுறவன் இங்கன பனியனோட வெறகு தள்றான்னு அவுகளுக்கு எங்க தெரியும். அந்த மப்புதான் தாயி. என்னயும் மொதச் சுத்துக்கு வாசிங்கன்னு அண்ணாச்சி சொன்னதும் மூணு நா கால் தரையில இல்ல.

நாப்பத்திமூணு நோட்டு. அடேயப்பா. வைகை அணைக்குள்ள தூங்குற பறவநாகம் மட்டும் ஆறு நோட்டுல வருது, ஆறும் அணைய ஒடச்சிட்டுத்தான் எந்திரிக்குது. எல்லாக் கதையிலயும் ஒரு பதினேழு வயசுப் பிள்ள, கையில ஒரு மச்சம், அதுக்கு மட்டும் சக்தி. ஒரு பய ரெண்டாயிரத்து இருநூறாம் வருசம்னு ஆரம்பிச்சான், பூமியில தண்ணியே இல்ல, ஆனா பத்தாம் பக்கத்துல கதாநாயகி தல குளிச்சிட்டு வாரா. நான் பக்கத்து ஓரத்துல எழுதுனேன், ஏலே, தண்ணி எங்கருந்துடா வந்துச்சுன்னு. மாயக் கதைன்னாலும் ஒரு சட்டம் வேணும். சூடு ஏறாம காய் காயுமா? அப்படித்தான்.

சிரிச்சீக. நல்லது.

பதினேழாம் நம்பருக்கு என்ன ஆச்சுன்னா... ஒங்களுக்குத் தெரியாததா, வியாபாரி காய எப்படிப் பாப்பான்? மூட்டைக்குள்ள கைய விட்டு ஒரு பிடி அள்ளுவான். தட்டுல போட்டு ஊதுவான், உருட்டுவான். மூட்டையே அந்த ஒரு பிடிதான். அம்பது கிலோவையும் கொட்டியா பாக்குறான்? நாப்பத்திமூணு நோட்டு சேந்ததும் நானும் அப்படியே செஞ்சிட்டேன். நடுவுல ஒரு பக்கம் பிரிச்சேன். பிள்ளைகள நிக்க வச்சு சல்லடையில சலிக்கிறாக, பெருசு மேல, சிறுசு கீழன்னு இருந்துச்சு. சரி, எங்கயோ கேட்ட கததான்னு காப்பி போட்டுட்டேன். கைப்பழக்கம். அம்புட்டுத்தான்.

அப்படியா சொல்றீக. ... நீங்க பெரிய மனுசி தாயி. மேஸ்திரியும் எங்க கூடைய அப்படித்தான் பாத்துக் கழிப்பான்னு சொல்லி ஒரே வார்த்தையில மன்னிச்சிட்டீக. வைய மாட்டீகளா? வஞ்சுட்டுப் போனாக்கூட எனக்கு லேசா இருக்கும்.

அது என்ன பையில? நோட்டா? இல்ல, வேணாம், வெளிய எடுக்காதீக. இப்பவாச்சும் முழுசா வாசிங்கன்னா... வேணாம் தாயி. கை எல்லாம் பிசுக்கு.

நீங்க வாசிச்சீகளா? அஞ்சாப்புதானா. எழுத்துக் கூட்டி வாசிக்கலாம்ல. ... அவ காட்ட மாட்டேன்னுட்டாளா. அதுவும் சரிதான்.

என்ன கதைன்னா... ஒரு நாடு. மேக்க மல, கீழ பள்ளம். பள்ளத்து ஜனங்கள விடியுமுன்ன எண்ணி எண்ணி வண்டியில அடச்சு மேல கொண்டு போவாக, பொழுது சாய எண்ணி எறக்கி விடுவாக. பன்னெண்டு வயசானா பிள்ளைகளுக்குச் சலிப்பு நாள். பெரிய இரும்புச் சல்லட, அதுமேல நடக்கணும். விழுந்தவுக பள்ளத்துக்கே, நின்னவுக மேல நிக்கலாம், ஆனா பெறகு அப்பன் ஆத்தாளப் பாக்க முடியாது. கதாநாயகி பேரு குறிஞ்சி. அவளுக்கு மச்சமும் இல்ல, சக்தியும் இல்ல. நல்லாப் பாப்பா, அதுதான் அவகிட்ட இருக்கது. ஒரு நா பொழுது எறங்குற நேரம், அடமழ, மண்ணு சரிஞ்சு வண்டி வரல. குறிஞ்சியும் அவ ஆத்தாளும் இன்னும் நாலு பொம்பளைகளும் மலையில ஒத்தையா நிக்கிற, இது மாதிரி காய் ஒணத்துற ஒரு கணப்பு வீட்டுக் கதவத் தட்டுறாக. தட்டிக்கிட்டே இருக்காக. தொறக்கல.

ஆமா தாயி. ஒங்களுக்கு நடந்ததுதான். நாடு மட்டுந்தான் மாயம்.

ரெண்டு மணி நேரம்னுதான் அவளும் எழுதியிருக்கா. உள்ள ஆள் இல்ல, இருந்திருந்தா தொறந்திருக்க மாட்டாகளான்னு குறிஞ்சியோட ஆத்தா சொல்லும். சேலையில பிள்ளையச் சுத்திக்கிட்டுச் சொல்லும். குறிஞ்சி மட்டும் பின்னாடி புகை போற ஓட்டையில கண்ண வச்சுப் பாக்குறா. உள்ள ஒருத்தன் இருக்கான். அடுப்புப் பக்கம் கால நீட்டிக்கிட்டு புத்தகம் வாசிக்கிறான். ஒதடு அசையுது. தட்டுற சத்தம் கேட்டு ஒருக்கத் தலையத் தூக்குறான். ஒரு ஏல எலையப் பக்கத்துக்கு நடுவுல வச்சு மூடுறான். எந்திரிக்கப் போறான்னு அவ நெனைக்கிறா. அவன் கண்ணத் தொடச்சிட்டு மறுபடியும் புத்தகத்தப் பிரிக்கிறான். ஆள் இருக்குன்னு அவ ஆத்தாகிட்டச் சொன்னா, காய்ச்சல்ல கத கட்டாதடின்னு ஆத்தா அதட்டுது.

அப்படித்தான் சொன்னீகளா. ம். ஒங்க மேல தப்பு இல்ல.

அந்தக் கணப்புக்காரன் கடைசியில என்ன ஆனான்னா கேக்குறீக? பெரிய கலவரம் நடக்குது. சல்லடைய ஒடைக்கிறாக. குறிஞ்சி வளந்துட்டா, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கிட்டே அதே கதவுக்கு வாரா, பின்னாடி அம்பது பிள்ளைக. தட்டுறா. இந்த மொற அவன் தொறக்குறான். ஒண்ணும் பேசல, ஒதுங்கி வழி விடுறான். அவனுக்கு அவ தண்டன குடுக்கல தாயி. கொல்லல, எரிக்கல. தொறக்க மட்டும் வச்சா. அந்த எடத்துக்குப் பக்கத்துலதான் ரெண்டாவதா ஒண்ணு எழுதுனேன், ஒங்ககிட்ட அவ சொல்லியிருக்க மாட்டா. இந்தப் பாத்திரம் கதவைத் திறப்பது நம்பும்படி இல்லைன்னு.

ஒரு பக்கந்தான் பிரிச்சேன்னு சொன்னேன்ல. பொய். மூணு தடவ வாசிச்சேன். நாப்பத்திமூணுலயும் அது ஒண்ணுதான் நாவல்.

நீங்க கதவத் தட்டுனது எந்த மாசம், ஆடிதான? பூப்பாறைக்கு மேல காய் ஒணத்துற ஒரு ஸ்டோர். ஒத்தக் கதவு, பச்ச பெயிண்டு. அங்கன அப்ப ரெண்டு வருசம் இருந்தேன். காய் ஏத்திட்டா கதவத் தொறக்காதன்னு மொதலாளி சொன்னது நெசந்தான். ஆனா ரெண்டு நிமிசம் தொறந்தா ரெண்டு டிகிரிதான் எறங்கும், நாலு கட்ட கூட வச்சா ஏறிரும். அது எனக்குத் தெரியும். மொதலாளி மேல பழி போடல. அன்னைக்கு கையில இருந்தது ஒரு மொழிபெயர்ப்பு. பிள்ளைகள ஒரு கோட்டைக்குள்ள அடச்சு வச்சுக் கொடும பண்ணுவாக. நான் அழுதுக்கிட்டு இருந்தேன். அத்தியாயம் முடிய நாப்பது பக்கம். முடிச்சிட்டுத் தொறப்போம்னு இருந்தேன். முடிக்கையில சத்தம் நின்னு போச்சு, சரி போயிட்டாகன்னு அடுத்ததப் பிரிச்சேன்.

அம்புட்டுத்தான் தாயி.

காப்பி இல்ல. யாரு புத்தகத்தையும் பாத்து அவ எழுதல, என்னயப் பாத்து எழுதுனா. நீங்க காய்ச்சல்னீக, நான் காப்பின்னேன். ரெண்டு தடவ அவளப் பொய்யின்னு சொல்லியாச்சு.

இருங்க. அந்தப் பேனாவ எடுக்குறேன். பில்லுக்குப் பின்னாடிதான் எழுதணும், வேற தாளு இல்ல. பதினேழாம் எண் நாவல் காப்பி அல்ல. அதில் வரும் கணப்புக்காரன் நான். நான் கதவைத் திறக்கவில்லை. அது வெளியே தெரியக் கூடாது என்றுதான் காப்பி என்று எழுதினேன். இப்படிக்கு, மு. தவசி. இது போதும்ல? அண்ணாச்சி வாசிச்சுக்கிடட்டும், வாசகர் வட்டத்துல எல்லாரும் வாசிச்சுக்கிடட்டும். அவகிட்ட மொதல்ல காட்டுங்க.

புடிங்க தாயி. வாங்க மாட்டீகளா? சரி, ஒங்க பக்கத்துல சாக்கு மேல வைக்கிறேன். கல்லத் தூக்கி வைக்கிறேன், பறக்காது.

நீங்க உக்காந்திருங்க, எம்புட்டு நேரம்னாலும் இருங்க. வையணும்னா வைங்க. நான் இந்தத் தட்ட மட்டும் தேய்ச்சு முடிச்சிர்றேன். சூடு ஆறிட்டா காம்பு உதிராது.